பிள்ளை விரல் பட்ட கத்தி

இல்ல தம்பி, அது மட்டும் கேக்காதீங்க. கத்தி இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. மடியில வச்சுத் துடைக்கிறத நீங்களும் பாத்துட்டீங்க, இனி இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ஆனா கொய்யாப்பழம் வெட்டவெல்லாம் இதத் தர முடியாது. பல்லு இருக்குல்ல? கடிச்சுத் தின்னுங்க. உங்க வயசுல நான் கரும்பையே கணுவோட கடிச்சவன்.

கோவிச்சுக்கிடாதீங்க. இது கஞ்சத்தனம் இல்ல, முறை. பழத்துல சாறு இருக்கு. சாறு பட்ட இரும்ப உடனே கழுவணும், துடைக்கணும், ஈரம் போகக் காயவைக்கணும், எண்ணெய் போடணும். இந்த பஸ்ஸுல எங்கன போய்க் கழுவ? நீங்க தண்ணி பாட்டில நீட்டுவீங்க. அது எந்த ஊர்த் தண்ணியோ, யாரு கண்டா? பேசாம கடிங்க.

திருச்செந்தூருக்கா போறீங்க? நல்லதாப் போச்சு, நானும் அங்கனதான். அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்கிடுங்க. வெக்கையாத்தான் இருக்கும், இருக்கட்டும். தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் வரைக்கும் இந்த ரோட்டுல வீசுதது காத்து இல்ல தம்பி, உப்பு. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏன்னா என் பேரு தெய்வசிகாமணி.

ஸ்டோர் கீப்பர் தெய்வசிகாமணின்னு சொன்னா உப்பளத்து ஆளுங்க அத்தன பேருக்கும் தெரியும். பெரிய உப்புக் கம்பெனி அது. இப்ப இல்ல, மூடிட்டாங்க. உப்பளத்துல இரும்புச் சாமான வச்சுக் காப்பாத்துறது லேசுப்பட்ட காரியமா? ஒரு ஆணிய வெளிய வச்சிட்டு சாப்பிடப் போயிட்டு வந்தா, ஆணி மூஞ்சி மாறியிருக்கும். ஆனா என் ஸ்டோர்ல ஒரு மண்வெட்டி துருப்பிடிச்சதுன்னு எவனும் சொல்ல முடியாது. எப்படின்னு கேளுங்க. குடுக்கவே மாட்டேன். குடுத்தாத்தான அது உப்புத் தண்ணிக்குப் போகும்? வேலையாளுங்க வாசல்ல வந்து நின்னு கத்துவானுங்க. "அண்ணாச்சி, பம்பு நின்னு போச்சு, ஸ்பேனர் குடுங்க"ம்பான். "போன வருசம் குடுத்தது எங்க?"ம்பேன். ஆளு அந்தாக்குல போயிருவான். கடைசியில கம்பெனிய மூடி சாமான ஏலம் விட்டப்ப, எடுத்தவன் அசந்துட்டான். "எல்லாம் டப்பா பிரிக்காம இருக்கே, இந்தக் கம்பெனி ஓடுச்சா ஓடலையா?"ன்னு கேட்டான். ஒரு மனுசனுக்கு இத விட என்ன சர்டிபிகேட் வேணும்?

பாக்கணுமா? பாருங்க, பாக்கிறதுல தப்பில்ல. கையில தர மாட்டேன். கத்திய கைக்குக் கை மாத்துனா சண்டை வரும், உங்க ஊர்லயும் சொல்லுவாங்கல்ல? இந்தா, கைத்துடைக்கிற லேஞ்சிய மடியில விரிச்சு, அது மேல வைக்கேன். குனிஞ்சு பாருங்க. மூச்சு மேல படாமப் பாருங்க. மடக்குக்கத்தி. வெளிநாட்டுச் சாமான். பிடி மரம், அலகு நல்ல இரும்பு. இந்தப் பளபளன்னு வருதே ஸ்டெயின்லெஸ்ஸு, அந்தப் பூச்சாண்டி எல்லாம் இல்ல. கூர் நிக்கும். ஆனா கவனிக்கணும், கவனிக்கலைன்னா... தொடாதீங்க, தொடாதீங்க. தொட்டுட்டீங்க. சரி, விடுங்க. விரல்ல வேர்வை இருக்கும், வேர்வையில உப்பு இருக்கும். துடைச்சிருதேன்.

இதுக்குத் தையல் மிஷின் எண்ணெய்தான் சரி. மடக்குத இடத்துல ஒரு சொட்டு, அலகுல ஒரு பூச்சு, அப்புறம் மெல்லிசா துடைச்சு எடுத்திரணும். தேங்காய் எண்ணெய் போடுத ஆளுங்க இருக்காங்க. எங்க வீட்டுலயே ஒருத்தி இருக்கா. நாலு நாள்ல சிக்குப் பிடிச்சு, ஊர்த் தூசியெல்லாம் ஒட்டிக்கிட்டு, பொரிச்சட்டி கணக்கா ஆயிரும். தோல் உறையில வைக்கலாமான்னு கேப்பீங்க. கூடாது. தோலு ஈரத்தக் குடிச்சு வச்சிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா கத்திக்குக் குடுக்கும். நான் எண்ணெய்த் துணியில சுத்தி, பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, கூடவே ஈரம் உறிஞ்சுத பொட்டலம் போடுதேன். புதுச் செருப்புப் பெட்டிக்குள்ள சின்னதா கிடக்குமே, அந்தப் பொட்டலம். அதுக்காகவே எங்க பஜார்ல செருப்புக் கடைக்காரன் என்னப் பாத்ததும் உள்ள போயிருதான். நான் அவன் கடையில செருப்பு வாங்குனதே இல்ல.

என்ன விசேசமா? காதுகுத்து. என் பேத்திக்கு. எனக்கு ஒரே பொண்ணு, பொன்செல்வி. ஆம்பளப் பிள்ளை கிடையாது. அதனால பேத்திக்குத் தாய்மாமன்னு ஒருத்தன் இல்ல. தாய்மாமன் இல்லைன்னா தாத்தன் மடியில வச்சுத்தான் காது குத்தணும். அந்தத் தாத்தன் நான்தான். ஆசாரி ஊசியோட உக்காந்திருப்பாரு, நான் போய்ச் சேரணும்.

பேத்தி பிறந்து நான் இன்னும் ஒரு தடவகூட அத மடியில வச்சதில்ல. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு ஆசை இல்லாம இல்ல. ஆசை இருக்கு. அது வேற கதை. வேற கதை இல்ல, இந்தக் கத்தி கதைதான்.

கத்தி என்னோடதுதான். வந்தது மாப்பிள்ளை கிட்ட இருந்து. மாப்பிள்ளை பேரு சுயம்புராஜ், உடன்குடிக்காரரு. கப்பல்ல இஞ்சின் ரூம்ல வேலை. தங்கமான ஆளுதான், ஆனா சாமான வச்சுக்கிடத் தெரியாது. கல்யாணம் முடிஞ்சு திரும்பக் கப்பலுக்குப் போகும்போது, "மாமா, இந்தத் தடவ கைப்பையோட மட்டும்தான் பிளேன் ஏறுதேன், கத்திய விடமாட்டாங்க. நான் வாற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்"னு நீட்டினாரு. நானும் கைநீட்டி வாங்கிட்டேன். என் பொஞ்சாதி செந்தூர்க்கனி அடுப்படியில இருந்து ஓடியாந்தா. "ஐயோ, கீழ வச்சு எடுங்க! மாமனும் மருமகனும் கத்திய கையில மாத்துறீகளே"ன்னு கத்துனா. நான் சிரிச்சேன். இப்பச் சிரிக்க மாட்டேன். பின்னால நடந்ததுக்கெல்லாம் அவரு அன்னைக்குக் கையில குடுத்ததுதான் காரணம்.

என்ன கேக்கீங்க? அவரோடதா, என்னோடதா? தம்பி, ஒரு பொருள் யாரு கவனிப்புல இருக்கோ அவங்களுக்குத்தான் சொந்தம். அவரு அத என்ன பாடு படுத்தி வச்சிருந்தாருன்னு நீங்க பாக்கல. முதல் கப்பல்ல ஏறுனப்ப வாங்குனதாம். கயிறு அறுக்க, மீன் கீற, வெங்காயம் நறுக்க, ஆப்பிள் சீவ, எல்லாம் இதாலதான். வெட்டிட்டு, கால்சட்டையில ரெண்டு இழுப்பு இழுத்துத் துடைச்சிட்டு, பையில போட்டுக்கிடுவாராம். நடுக்கடல்ல! அலகு பூரா கறுப்பு. அங்கங்க நீலம், அங்கங்க சாம்பல். "இது என்ன மாப்ள, சீக்குப் பிடிச்ச மாதிரி?"ன்னேன். "அந்தக் கறுப்புதான் மாமா அதுக்குச் சட்டை. தினமும் வேலை செஞ்சா அதுவாப் போட்டுக்கிடும். அது இருந்தா துரு அண்டாது, உரிச்சிராதீங்க"ன்னாரு.

சட்டையாம்! ஸ்டோர்ல தலை நரைச்சவன் நான், எனக்கு நேத்து கப்பல் ஏறுனவரு பாடம் எடுக்காரு. மாப்பிள்ளையாச்சேன்னு தலைய ஆட்டிட்டேன். அவர பஸ் ஏத்தி விட்டுட்டு வந்த கையோட உப்புத்தாள எடுத்தேன். தேச்சேன் பாருங்க, கறுப்பு போன இடம் தெரியல. வெள்ளியாட்டம் ஆயிருச்சு. மூஞ்சி தெரிஞ்சுது. போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்புனேன். பதிலுக்கு அந்த ரெண்டு கையும் கும்பிடுத பொம்மை மட்டும் வந்துச்சு. சந்தோசத்துல வேற வார்த்தை வரலைன்னு நினைக்கேன்.

அதுக்கப்புறம்தான் இந்தக் கத்தி எவ்வளவு நோஞ்சான்னு தெரிஞ்சுது. ஒரு நாள் எண்ணெய் போடலைன்னா மஞ்சளா பூக்கும். அவருகிட்ட இருந்த வரைக்கும் ஒரு தடவகூடப் பூக்கலையாம். பூத்திருக்கும், அவரு கவனிச்சிருக்க மாட்டாரு. அவருக்கு எங்க நேரம்? வெங்காயம் நறுக்கவே சரியா இருக்கும்.

இருங்க, போன் அடிக்குது. ஹலோ. ஆமா. பஸ்லதான். முக்காணி பாலம் தாண்டியாச்சு. ஏட்டி, நான் என்ன பஸ்ஸத் தள்ளிக்கிட்டா வாறேன்? ஆசாரியக் காப்பி குடிக்கச் சொல்லு. தோடு இருக்கு, பையில இருக்கு. ஆங், அதுவும் இருக்கு. வை.

செந்தூர்க்கனிதான். நேத்தே போயிட்டா. பிள்ளை புதுத்துணியப் பிடிச்சு இழுத்துக்கிட்டு விளையாடுதாம், வாசலையே பாத்துக்கிட்டு இருக்காம். வாசல்ல பலூன்காரன் நிப்பான். என்னையா பாக்கும்?

எங்க விட்டேன்? பிரசவம். தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதான. பொம்பளப் பிள்ளை, நல்ல செவத்த பிள்ளை. அப்பன் கடல்ல இருக்கான், வர முடியல. போன்ல அழுதாரு. செந்தூர்க்கனி ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, நானும் கேட்டேன். "அத்தை, பிள்ளை தலைமாட்டுல இரும்பு வைப்பாங்கல்ல, அதுக்கு என் கத்திய வைங்க. இத்தன வருசம் அது கடல்ல என்கூட இருந்துச்சு. நான் பக்கத்துல இருக்க மாதிரி இருக்கும்"னாரு. உருக்கமாத்தான் இருந்துச்சு. எனக்கே கண்ணு கலங்குச்சு, பொய் சொல்லல.

ஆனா யோசிச்சுப் பாருங்க தம்பி. பச்சப் பிள்ளை. நினைச்சா மூத்திரம் போகும், மூத்திரத்துல உப்பு. பாலக் கக்கும், அது புளிக்கும். தலையில வேர்க்கும். இரும்புக்கு எதிரின்னு என்னென்ன உண்டோ அத்தனையும் ஒரே பாயில படுத்துக் கிடக்கு. அதுக்கு நடுவுல கொண்டுபோய் இத வைன்னா எப்படி வைப்பேன்? நீங்களே சொல்லுங்க.

நானும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. இரும்புதான வேணும்? ஸ்டோர்ல இருந்து கடைசி நாள்ல எடுத்துட்டு வந்த போல்ட்டு ஒண்ணு இருந்துச்சு. நட்டோட. கிரீஸ் தாள்கூடப் பிரிக்கல. முதல் தரச் சாமான், பேயி என்ன, பிசாசு என்ன, கிட்ட வராது. அத பிள்ளை தலைமாட்டுல வச்சேன். பொன்செல்வி போல்ட்டப் பாத்தா, அப்புறம் என்னப் பாத்தா. உடம்பு பச்ச உடம்பு, பேசுத தெம்பு இல்லைன்னு விட்டுட்டேன்.

ஒரு நாள் பிள்ளை என் விரலப் பிடிச்சுது. தொட்டில்ல கிடந்துச்சு, நான் சும்மா எட்டிப் பாத்தேன், கைய நீட்டிச்சு, நானும் விரலக் குடுத்தேன். என்னா பிடிங்கீங்க! அந்தத் தம்மாத்துண்டு கை. உதறுனாலும் விடல. நான் ரொம்ப நேரம் அப்படியே குனிஞ்சு நின்னேன், இடுப்பு பிடிச்சிருச்சு. தூக்குங்கப்பான்னா பொன்செல்வி. எண்ணெய்க் கையா இருக்கேன்னு சொல்லிட்டேன். கத்திக்கு எண்ணெய் போடுத நேரம் அது. அப்புறம் அந்த விரல நல்லா சோப்புப் போட்டுக் கழுவி, துடைச்சிட்டுத்தான் கத்தியத் தொட்டேன்.

பொன்செல்வி அஞ்சாம் மாசம் வரைக்கும் இருக்கிறதாப் பேச்சு. அதுக்குள்ள ஆயுதபூஜை வந்துச்சு. மத்தவங்க வீட்டுல அருவா, கத்திரிக்கோல், சைக்கிள்னு வரிசையா வைப்பாங்க. எங்க வீட்டுல இந்த ஒரு கத்தி நடுநாயகம். மணைப்பலகையில சிவப்புத்துணி விரிச்சு, அதுல கத்திய விரிச்சுப் படுக்கப் போட்டேன். எண்ணெய் இருந்தா சந்தனம் ஒட்டாதுல்ல? அதனால முதல்ல எண்ணெயச் சுத்தமா துடைச்சு எடுத்தேன். அப்புறம் சந்தனத்தத் தண்ணி விட்டுக் குழப்பி, அலகு நடுவுல வட்டமா ஒரு பொட்டு. நல்லா தாராளமா. அது மேல குங்குமம். எலுமிச்சம்பழத்த ரெண்டா அறுத்துக் குங்குமம் தடவிப் பக்கத்துல வச்சேன். ஒரு பாதி உருண்டு கத்தி மேல சாஞ்சுச்சு, நகத்தி வச்சேன். செந்தூர்க்கனி சூடம் காட்டுனா. மறுநாள் மறுபூஜை போடுத வரைக்கும் ஆயுதத்த யாரும் தொடக் கூடாது. அந்த முறையில நான் கறார். ஒரு ராத்திரி பூரா என் கை பரபரன்னு வருது, எண்ணெய் போடலையே போடலையேன்னு. தொடலையே! பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆனா தொட்டது யாரு தெரியுமா? பேத்தி. பொன்செல்வி இடுப்புல வச்சுக்கிட்டு சாமி கும்பிட வந்தா. குனிஞ்சு குங்குமம் எடுக்கும்போது பிள்ளை கைய நீட்டி அலகுல பொத்துனு வச்சிருச்சு. வாயில போட்டுச் சப்பிக்கிட்டு இருந்த கை தம்பி, எச்சி சொட்டச் சொட்ட. "அப்பா கத்தின்னு தெரிஞ்சிருச்சு பாருங்க"ன்னு செந்தூர்க்கனி சிரிக்கா.

மறுநாள் காலையில மறுபூஜை போட்டு, பொட்ட வழிச்சு எடுத்தேன். அடியில துரு. சரியா வட்டமா ஒரு துரு. நான் சந்தனம் வச்ச இடத்துக்கு நேர் கீழ போய்ப் பிள்ளை விரல் பட்டிருக்கு, பாருங்க என் நேரத்த. குங்குமம் மறைச்சுக்கிட்டதால எனக்கு அன்னைக்கே தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா முறையாவது ஒண்ணாவதுன்னு துடைச்சிருப்பேன். இதோ, இந்த வட்டம்தான். எவ்வளவு தேச்சும் போகல. குழி விழுந்துட்டு.

நான் அப்படி ஒண்ணும் பெருசாச் சொல்லிடல. மனுசன் கத்தமாட்டானா? "பிள்ளைய வச்சுக்கிடத் தெரியல. கண்ட இடத்துல கை வைக்க விடுத. அது எச்சிக் கையால என் பொருளு நாசமாப் போச்சு. இனி அது இந்தப் பக்கம் வரக் கூடாது"ன்னேன். இவ்வளவுதான். தெருவுக்குக் கேட்டிருக்கும், அது என் குரல் அப்படி.

பொன்செல்வி அழுவான்னு பாத்தேன். அழல. பிள்ளைத் துணியெல்லாம் மடிச்சுப் பையில வச்சா. போல்ட்டக் கொண்டாந்து மணைப்பலகையில வச்சா. "பிள்ளைன்னா அழும்பா, ஈரம் பண்ணும், கைய வைக்கும். உங்களுக்குக் கத்திதான் தோது"ன்னா. மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஆளு வந்து முறையா அழைச்சிட்டுப் போகணும். அதெல்லாம் பாக்கல, ஆட்டோவ வரச் சொல்லி, பச்சப் பிள்ளையோட உடன்குடிக்குப் போயிட்டா. விஜயதசமி அன்னைக்கு! எல்லாரும் பிள்ளைகளுக்கு நல்லது தொடங்குத நாளு. செந்தூர்க்கனி தெரு முக்கு வரைக்கும் அழுதுக்கிட்டே போனா. நானும் போயிருப்பேன். துருவ அந்த நேரம் கவனிக்காம விட்டா இன்னும் உள்ள இறங்கிரும், அதான் போகல.

அப்புறம் ஒரு பேச்சு இல்ல, ஒரு போன் இல்ல. செந்தூர்க்கனி மட்டும் போவா, வருவா. வந்து, பிள்ளை குப்புற விழுந்துச்சு, தவழுது, பல்லு முளைச்சிருக்குன்னு சுவத்தப் பாத்துச் சொல்லுவா. நானும் கத்தியத் துடைச்சிக்கிட்டே கேட்டுக்கிடுவேன். தப்பு செஞ்சவங்கதான முதல்ல பேசணும்? நான் எதுக்கு இறங்கிப் போகணும்?

போன வாரம் மாப்பிள்ளையே கூப்பிட்டாரு. லீவுல வந்திருக்காரு. "மாமா, திருச்செந்தூர்ல மொட்டையும் காதுகுத்தும் வச்சிருக்கு. அப்பா மடியில வச்சாத்தான் குத்த விடுவேன்னு பொன்செல்வி சொல்லிட்டா, வந்திருங்க"ன்னாரு. சரி மாப்ளன்னேன். போனக் கீழ வைக்கப் போனேன். "மாமா, வரும்போது அந்தக் கத்திய எடுத்துட்டு வந்திருங்க, அடுத்த வாரம் கப்பல் ஏறுதேன்"னாரு. பாத்தீங்களா? பாசம் முன்னால வந்துச்சு, கத்தி பின்னாலயே வந்துச்சு.

கொண்டு வந்திருக்கேன். குடுக்கதுக்குன்னு சொல்லல, கொண்டு வந்திருக்கேன். எல்லாரும் கூடியிருக்க இடத்துல இந்த வட்டத்தக் காட்டுவேன். பிள்ளை விரலையும் பக்கத்துல வச்சுக் காட்டுவேன். ஒரு வார்த்தை, "தப்புதான்பா"ன்னு பொன்செல்வி சொல்லட்டும். அப்புறம் பிள்ளைய மடியில வாங்கிக்கிடுவேன். எச்சி வடிச்சாலும் பரவாயில்ல, வேட்டி தான, துவைச்சா போகும்.

எந்த ஊரு வருது? ஆறுமுகநேரியா? அந்தா பாருங்க வெள்ளை வெள்ளையா குவிச்சு வச்சிருக்கான், உப்பு. சாத்துன ஜன்னல் ஏன் இந்த ஆட்டம் ஆடுது? இருங்க, டப்பாவுக்குள்ள வைக்கதுக்கு முன்னால ஒரு தடவ ரெண்டு பக்கமும் பாத்திருதேன்.

இது என்னது?

இங்க பாருங்க. இந்தப் பக்கம். பிடிகிட்ட. மஞ்சளா, பரவலா. கீழ மடக்குத இடம் வரைக்கும் போயிருக்கே. இந்தப் பக்கத்துல எப்படி வரும்? மணைப்பலகையில இந்தப் பக்கம் அடியிலல்ல கிடந்துச்சு. பிள்ளை கை பட வழியே இல்லையே.

...

நீங்க தொட்டீங்கல்ல?

தொட்டீங்க தம்பி, நான் பாத்தேன். குனிஞ்சு பாருங்கன்னுதான சொன்னேன்? வேர்வைக் கை. கொய்யாப்பழம் தின்ன கை வேற. அப்பத் தின்னலையா? அப்பத் தின்னாட்டி என்ன, பழத்தப் பிடிச்ச கைதான? அது பட்ட இடத்துலதான் வந்திருக்கு. நான் துடைச்சேன், சரியாத் துடைக்க விடாம நீங்க பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தீங்க. அதோட இந்த ஜன்னல். எங்கனயாவது ஒரு மனுசன ஒரு சாமான ஒழுங்கா வச்சுக்கிட விடுதாங்களா? பேத்தி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்.

இல்ல, உக்காருங்க. சண்டை போடல. நடந்தது நடந்து போச்சு.

இனி நான் எப்படி அங்கன போவேன்? யோசிச்சுப் பாருங்க. மாப்பிள்ளை இந்தப் பக்கம் திருப்பிப் பாப்பாரு. "மாமா, நான் கறுப்பாக் குடுத்தேன், நீங்க செவப்பாக் குடுக்கீங்களே"ன்னு கேட்டா என்ன சொல்ல? கேக்க மாட்டாரு. அந்தக் கும்பிடு பொம்மை மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பாரு. ஊர்பட்ட சம்பந்தக்காரங்க நிப்பாங்க. ஸ்டோர் கீப்பர் தெய்வசிகாமணி கையில துரு! அதுவும் கோயில் எங்க இருக்கு? கடல் மேல. அலை தெறிச்சு மண்டபத்துக்குள்ள வரும். இந்த நிலைமையில இதக் கொண்டுபோய் அந்தக் காத்துல நீட்டுனா, பொன்செல்வி தப்புன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள பிடி மட்டும்தான் மிஞ்சும்.

கத்திய பஸ்ஸுலயே வச்சிட்டு இறங்கவா? நல்லாச் சொன்னீங்க போங்க.

வீட்டுக்குப் போயிருதேன். இந்த பஸ்ஸே திருச்செந்தூர்ல ஆள இறக்கிட்டுத் தூத்துக்குடிதான் திரும்புது. நான் இப்படியே உக்காந்திருக்கேன். போன உடனே தேச்சு எடுத்து, எண்ணெய் போட்டு, மாப்பிள்ளை கப்பல் ஏறுததுக்குள்ள கண்ணாடியாட்டம் ஆக்கி, நானே உடன்குடி கொண்டுபோய்க் குடுத்திருதேன். குடுக்கேன், இல்ல காட்டுதேன். காது இன்னைக்குக் குத்துனாலும் ஓட்டை ஓட்டைதான், எவன் மடியில குத்துனாங்கன்னு பிள்ளைக்கு நினைப்பா இருக்கப் போகுது? துரு அப்படியா? ஒரு நாள் தாமதிச்சா ஒரு நாள் உள்ள போயிரும்.

தம்பி, உங்க விரல் பட்டதுக்கு நீங்க எனக்கு ஒரு உதவி செய்யணும். பெரிய உதவி இல்ல. இந்தா, சட்டைப் பையில இருக்கு. தோடு. ஒரு சோடி, பேத்திக்கு எடுத்தது. டப்பாவா? டப்பா எதுக்கு, காகிதத்துல மடிச்சு வச்சிருக்கேன். தங்கம் தம்பி, அதுக்கு என்ன ஆகப் போகுது? வேர்வை படட்டும், கடல்தண்ணி படட்டும், பிள்ளை வாயில வச்சுக் கடிக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கும். அத கவனிக்க ஒரு ஆளு வேணுமா? கையிலயே வாங்கிக்கிடுங்க, தங்கத்தக் கையில மாத்துனா ஒண்ணும் இல்ல. உங்கள எனக்குத் தெரியாதுதான். பாத்தா நல்ல பிள்ளையா இருக்கீங்க. விரல மட்டும் அடக்கணும்.

கோயில் பக்கத்துலதான் மண்டபம். உடன்குடி சுயம்புராஜ் வீட்டு காதுகுத்துன்னு கேட்டா காட்டுவாங்க. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிருங்க. பஸ்ஸுலயே வந்திருச்சுன்னு சொல்லுங்க. கத்தியப் பத்தி வாயத் திறக்காதீங்க.

அந்தா, மறுபடியும் அடிக்குது. அவதான். அடிக்கட்டும், அடிச்சு ஓயட்டும். எடுத்தா பின்னால பிள்ளைச் சத்தம் கேக்கும், அப்புறம் எனக்கு...

ஸ்டாண்டு வந்துட்டு. இறங்குங்க, கூட்டம் ஏறுததுக்குள்ள.

பிள்ளை பேரா? பேரு... அப்பன் வந்த பிறகுதான் பேரு வைக்கணும்னு, எங்க வீட்டுல இருந்த வரைக்கும் பாப்பான்னுதான் கூப்பிட்டோம். பேரு வச்சப்ப நான் போகல. என்னமோ புதுசா ஒரு பேரு, செந்தூர்க்கனி சொன்னா, துடைக்கிற கவனத்துல நான் சரியாக் கேக்கல. இப்பப் போய் அவகிட்ட எப்படிக் கேக்க? அங்கன ஆசாரி ஊசிய எடுக்கும்போது, அழாம இருக்கணும்னு எல்லாரும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. காதுல விழுந்தா எனக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்க தம்பி.

அப்புறம், போறப்ப அந்த ஜன்னல நல்லாச் சாத்திட்டு இறங்குங்க.